பிக்கப் இல்லாத என்ஜினும் முன்வினையும்

"பிக்கப் இல்ல சார்." என்னிடம் வரும் சின்ன என்ஜின்களில் முக்கால்வாசி இந்த ஒரே புகாரோடுதான் வரும். வயலுக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயர், புல் வெட்டும் மிஷின், கல்லூரிப் பசங்க தூக்கிக்கொண்டு வரும் மாடல் விமானம், எதுவானாலும் கதை ஒன்றுதான். சும்மா விட்டால் ஓடுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது, இல்லாவிட்டால் பட்டென்று அணைகிறது. கொண்டுவந்தவர் அதோடு நிறுத்த மாட்டார், காரணத்தையும் அவரே சொல்லிவிடுவார். கார்பரேட்டர் அடைப்பு, பிளக் போச்சு, முன்னாடி ரிப்பேர் பார்த்தவன் கெடுத்துட்டான். கோளாறு என்னவென்று தெரியாதவர்கள் எங்கள் பண்டசோழநல்லூரில் இருக்கலாம். காரணம் தெரியாதவர் என்று ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் ஒரு மேஜை, ஒரு வைஸ் போட்டு வைத்திருக்கிறேன். மாடல் விமானப் பித்து என்.சி.சி. விமானப் பிரிவில் பிடித்தது. அப்போது நாங்கள் ஓட்டியது கம்பியில் கட்டி வட்டமடிக்கிற விமானம். அந்த டீசல் என்ஜினுக்கு ஆக்சிலேட்டரே கிடையாது, எண்ணெய் தீரும்வரை ஒரே வேகம். அதனால் பிக்கப் என்ற வழக்கும் இல்லை. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வழி வைத்த பிறகுதான் "கேட்டதைக் கொடுக்கவில்லை" என்ற குறையே வருகிறது. இதை யாராவது சித்தாந்தி விரித்து எழுதலாம். எனக்கு வேண்டியது வேறொன்று.

ஒரு கெடுதி கண்முன்னே நிற்கிறது. அதிலிருந்து அதன் காரணத்துக்கு நாம் எப்போது போகலாம்? "முன்வினை", "பண்ணின பாவம்", "சாமி குத்தம்" என்று பேச்சு வரும் இடமெல்லாம் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். அதை என்ஜினை வைத்துத்தான் எனக்கு யோசிக்க வருகிறது.

பசங்க "நாற்பத்தாறு" என்று சொல்லும் என்ஜின் 0.46 கன அங்குலம், நம் கணக்கில் சுமார் 7.5 சி.சி. இதற்குப் பெட்ரோல் கிடையாது. மெத்தனால் 80 பங்கு, விளக்கெண்ணெய் 20 பங்கு. வசதியுள்ளவர்கள் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் சேர்ப்பார்கள். தீப்பொறியும் கிடையாது. பிளக்குக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைப் பழுக்கவைக்க வேண்டும். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியைக் கழற்றிவிடலாம். உள்ளே எரியும் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் படும்போது நடக்கும் வேதிவினையும் சேர்ந்து சுருளை ஆறவிடாமல் பார்த்துக்கொள்ளும்.

கார்பரேட்டருக்குள் துளையிட்ட உருளை ஒன்று. அது திரும்பினால் காற்றுவழி திறக்கும், மூடும். ஊசி இரண்டு. பெரிய ஊசி முழு வேகத்துக்கு, சின்ன ஊசி ஐடிலிங்குக்கு. ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 2,000, 2,500 சுற்று இருக்கும், முழு வேகத்தில் 10,000-க்கு மேல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற அந்த நொடியில்தான் தகராறு.

ஆக்சிலேட்டரைத் திடீரென்று கொடுத்தால் காற்று உடனே பாய்ந்துவிடும். எண்ணெய் கனம், அது பின்தங்கும். சின்ன ஊசி அதிகம் இறுகியிருந்தால் உள்ளே கையிருப்பு இல்லை. வெறும் காற்று போய் என்ஜின் அணையும். அதே ஊசி அதிகம் திறந்திருந்தால், ஐடிலிங்கில் எரியாத எண்ணெய் கிராங்க் அறையில் தேங்கி நிற்கும். திறந்ததும் அத்தனையும் மொத்தமாக மேலேறிச் சுருளை நனைத்துக் குளிரவைக்கும். அப்போதும் என்ஜின் அணையும். பத்தாமல் அணைவதும் மிஞ்சி அணைவதும் நேர் எதிரான நோய்கள். ஒன்றுக்கான வைத்தியம் மற்றதைக் கொல்லும். பார்க்கிறவருக்கோ இரண்டும் ஒன்றுதான்: ஆக்சிலேட்டர் கொடுத்தேன், நின்னு போச்சு.

காது பழகினால் கொஞ்சம் பிடிபடும். பத்தாதது பட்டென்று நிற்கும். மிஞ்சியது கடகடவென்று உருட்டி, வெள்ளைப் புகை கக்கி, சாய்ப்பு முழுக்க விளக்கெண்ணெய் வாடையை நிரப்பிவிட்டு நிற்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே நிற்கிற என்ஜின்கள் உண்டு. அவற்றிடம் காது செல்லாது. அங்கேதான் குழாயைக் கிள்ளிப் பார்ப்பது. ஐடிலிங்கில் ஓடவிட்டு, புரொப்பெல்லருக்குப் பின்பக்கம் நின்று, டேங்கிலிருந்து வரும் சிலிக்கான் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணெய் வரத்து நின்றுவிடும். கிள்ளிய கையோடு அணைந்தால் முன்பே பத்தாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கிள்ளிய பிறகு சுற்று ஏறி, ஏறிக்கொண்டே போய் அப்புறம் அணைந்தால் மிஞ்சியிருந்தது. லேசாக ஏறி, ஓரிரு நொடியில் அணைந்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது.

சில சமயம் கோளாறு என்ஜினிலேயே இருக்காது. ஊசி இரண்டும் சரி, பிளக் புதிது, ஆனாலும் திணறும். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எண்ணெயோடு சேர்ந்து கடுகளவு குமிழிகள் போய்க்கொண்டிருக்கும். டேங்குக்குள் எண்ணெய் உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு எடைக்கட்டி தொங்கும். விமானம் எப்படிச் சாய்ந்தாலும் எண்ணெய் இருக்கும் பக்கம் அது போகும். அந்தக் கட்டியை ஒட்டிக் குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்திருக்கும். அல்லது டேங்க் கார்பரேட்டரை விட உயரத்தில் உட்கார்ந்திருக்கும். அல்லது ஐப்பசி மழையில் டின்னைச் சரியாக மூடாமல் வைத்திருப்பார்கள், மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்திருக்கும். எல்லாவற்றுக்கும் வெளியே தெரிகிற முகம் ஒன்றே.

ஆகவே சாய்ப்பில் ஒரு சட்டம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடுவது. முதலில் பெரிய ஊசி. அது முடிந்த பிறகு சின்ன ஊசி, அதுவும் எட்டில் ஒரு திருப்பு. இரண்டையும் சேர்த்துத் திருகினால் என்ஜின் சரியாகிவிடவும் கூடும். ஆனால் எது சரியாக்கியது என்பது யாருக்கும் தெரியாது.

இதற்கும் மதத்துக்கும் என்ன? புகையைக் கண்டு நெருப்பு உண்டு என்று துணிவது நம் தருக்க நூல்களின் அரிச்சுவடி. எங்கள் ஊருக்கு பாகூர் தூரமில்லை. அங்கே இருந்த வித்தியாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்குப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. வித்தைகள் பதினான்கு என்று வழக்கமாக எண்ணும் பட்டியலில் நியாயமும் ஒன்று. யாரோ ஒரு பையன் அங்கே உட்கார்ந்து மலைப்புகை உதாரணத்தை உருப்போட்டிருப்பான் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம். செப்பேடு அப்படிச் சொல்லவில்லை.

தமிழில் இந்தப் பாடம் தெளிவாக வருவது மணிமேகலையின் 29ஆம் காதையில். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லும்போது பொய்யான ஏதுக்களை மூன்றாகப் பிரிக்கிறார்: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். நடுவில் இருப்பதுதான் என் சாய்ப்பில் நடமாடுவது. நாம் காட்டும் அடையாளம் நாம் நிறுவ நினைப்பதோடும் இருக்கும், அதற்கு மாறானதோடும் இருக்கும் என்றால் அந்த அடையாளத்தை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. காவியம் படிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் காதையைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மெக்கானிக்குகளுக்குப் பாடமாக வைக்கலாம்.

இப்போது துன்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு பேரன். தீபாவளி அன்று வாசலில் அணுகுண்டு வெடித்தபோதும் அசையாமல் தூங்கிய குழந்தை. "என்னா சமர்த்து" என்று முதலில் எல்லாரும் கொஞ்சினார்கள். காது கேட்கவில்லை என்று தெரிந்த பிறகு காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. போன ஜென்மத்தில் யார் வாயையோ அடைத்திருக்கிறது. தாத்தா ஒரு நாகத்தை அடித்தார். அக்கா மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் சோறு போடவில்லை (போட்டார், நானே பார்த்திருக்கிறேன்). படித்தவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, "சொந்தத்துல கட்டினா இப்படித்தான்" என்றார்கள். பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும்.

கடைசிக் காரணம் மட்டும் அறிவியல் என்பதால் அதற்கு நாம் தலையாட்டிவிடுகிறோம். உறவுக்குள் மணந்தால் பிறவிக் காதுகேளாமைக்கு வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. ஆனால் தாய்க்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தாலும் இப்படி ஆகும், பிறந்ததும் மஞ்சள் காமாலை முற்றினாலும் ஆகும், மூளைக்காய்ச்சலிலும் ஆகும், உறவில்லாத பெற்றோருக்குப் பிறந்த குழந்தைக்கும் ஆகும். வாய்ப்புக் கூடும் என்பது விதி. இந்தக் குழந்தைக்கு இதனால்தான் என்பது தீர்ப்பு. சோதனை செய்யாமல் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தாவுகிறவர் பேன்ட் போட்டிருந்தாலும் வேட்டி கட்டியிருந்தாலும் செய்வது ஒரே வேலைதான்.

இதனால் ஆன நஷ்டம் மனக்கஷ்டம் மட்டுமல்ல. கேட்பதும் பேசுவதும் மூளையில் பதிகிற பருவம் முதல் சில ஆண்டுகள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் சோதனை சில நிமிட வேலை. எதிர்வீட்டார் கோயில் கோயிலாகப் போய்ப் பரிகாரம் செய்துவிட்டு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போனபோது பையன் ஓடித் திரிந்துகொண்டிருந்தான். இன்றைக்கு அவன் காதுக்குப் பின்னால் கருவி இருக்கிறது, பேச்சுப் பயிற்சியும் நடக்கிறது. கோயிலுக்குப் போனதை நான் குறை சொல்லவில்லை. நானும் போகிறவன்தான். வேண்டிக்கொள்வது மனசுக்கு. காரணம் கண்டுபிடிக்கிற கருவி அது அல்ல, அந்த வேலையைச் சாமியும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

என் சாய்ப்பில் மெத்தனால் டின் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். அதே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் பலர் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். உள்ளே போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைப் பிடிக்கும். பிழைத்தாலும் பார்வை போனவர்கள் உண்டு. அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது எங்கள் டீக்கடையிலும் கேட்டார்கள்: "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? அவன் பண்ணினதுக்கு அவன் அனுபவிச்சான்."

இங்கேயாவது வினையும் பயனும் பளிச்சென்று தெரிகிறதே என்று தோன்றும். குழாயைக் கிள்ளிப் பாருங்கள். அன்று இந்தப் பக்கமெல்லாம் குடித்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! கடையில் வாங்கிக் குடித்தவர்கள் மறுநாள் வேலைக்குப் போனார்கள். குடி இரு பக்கமும் இருக்கிறது, சாவு ஒரு பக்கம்தான். ஆகவே அந்தச் சாவைக் குடியில் போய் நிறுத்த முடியாது, மெத்தனாலில்தான் நிறுத்த வேண்டும். மெத்தனால் தானாக வந்து பாக்கெட்டில் விழாது. அதை வாங்கினவன், விற்றவன், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தவன் என்று கைகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வினையைத் தேடப் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிற கையைத் தப்பவிட்டுவிடுகிறார்கள். முன்வினைப் பேச்சில் எனக்குள்ள பெரிய சண்டை இதுதான்.

இதையெல்லாம் நான் வாதாடுவது மடுகரையிலிருக்கும் ஒரு தமிழாசிரியரோடு. அவரும் ஓய்வு பெற்றவர், சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவர், என் ஸ்டூலில் உட்கார்ந்து என் டீயைக் குடித்துவிட்டே என்னை நாத்திகன் என்பார். அவர் சொல்வதில் சாரம் உண்டு. சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் அளவையைப் பேசுகிறார். அறியும் வழிகளைப் பிறர் எத்தனையாக விரித்தாலும் அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்பது அவர் முடிவு. "வினை உண்டுங்கிறது உரையால வர்றது சார். கண்ணால பார்த்தோ, புகையைப் பார்த்து நெருப்புன்னு சொல்ற மாதிரியோ வர்றதில்ல. உங்க ஊசிக் கணக்கு அங்க ஏறாது" என்றார்.

அதைத்தான் நானும் சொல்கிறேன். வினை உண்டு என்பது உரையால் வந்ததென்றால் அது பொதுவாகத்தான் வந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பையனின் காதைப் பற்றி எந்த ஆகமமும் பேசவில்லை. நூல் சொன்ன பொதுவிதியை எடுத்துக்கொண்டு, நம் கருதலால் ஒரு ஆளின் தலையில் இறக்கிவிட்டு, அந்தக் கருதலுக்கும் நூலின் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறோம். முன்பிறவியைக் கிள்ளிப் பார்க்கக் குழாய் இல்லை. அந்தப் பிறவியை எடுத்துவிட்டு இந்தத் துன்பம் வருகிறதா என்று பார்க்க வழியில்லை. அப்படியிருக்க "இது அதனால்" என்று சொல்கிறவர் எந்த அளவையில் நின்று சொல்கிறார்?

ஆசிரியர் விடவில்லை. "வைத்தியன் அறுக்கிறான், சுடுறான். நோயாளிக்கு அது துன்பம்தான், ஆனா வைத்தியம். இறைவன் தர்ற துன்பமும் அப்படித்தான்னு சித்தியார்லயே இருக்கே." இருக்கட்டும். அந்த வைத்தியர் நோயாளியைப் பார்த்தவர். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர் வைத்தியரும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. இதற்கு அவர் சிரித்தார். பிறகு, "அவங்கவங்க தன்னைப் பத்தி நினைச்சுக்கலாம்ல? என் முட்டிவலி என் வினைன்னு நான் சொன்னா உங்களுக்கு என்ன?" என்றார்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பேன், எதிர்வீட்டு அக்காவைப் பார்த்திராவிட்டால். ஊர் சொன்னதை எல்லாரும் மறந்த பிறகும் அவர் மறக்கவில்லை. "என்னா பாவம் பண்ணினேன்னு தெரியலையே தம்பி" என்று இப்போதும் கேட்பார். தெரியாத பாவத்துக்காக நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்க மாட்டார். சித்தாந்தம் வினையை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாக்குகிறது: சேர்ந்து கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இப்போது செய்வதால் இனி வரப்போவது. மூன்றில் நம் விரலுக்கு எட்டுகிற ஊசி ஆகாமியம் ஒன்றுதான். அக்காவை ஊர் மற்ற இரண்டையும் திருகச் சொல்லிவிட்டது.

திருக்குறளில் 37ஆவது குறள் இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஒருவன் பல்லக்குச் சுமக்கிறான், ஒருவன் அதில் ஊர்கிறான். பரிமேலழகர் உரையில், அறத்தின் பயன் இதுவென்று நூல்கொண்டு உணர்த்த வேண்டியதில்லை, அந்த இருவரிடமும் காட்சியளவையாலேயே தெரியும். அந்த இருவரைக் காட்டி அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்று நேர் எதிராகப் படிப்பவர்களும் உண்டு. தமிழ்ப் புலமையில் தலையிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் காட்சியளவை என்ற இடத்தில் ஒரு மெக்கானிக்காக எனக்குப் பேச உரிமை உண்டு. கண்ணில் படுவது பல்லக்கும், இரண்டு ஆட்களும், ஒருவன் தோளில் தழும்பும். அறம் கண்ணில் படவில்லை.

மேலே இருப்பவனைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை. சுமப்பவன் பாவம் செய்தான் என்றால் எதிர்த்துப் பேச நாலு பேர் வருவார்கள். ஊர்பவன் புண்ணியம் செய்தான் என்றால் யாரும் மறுப்பதில்லை. நிலம், ரைஸ்மில், வெளிநாட்டில் பிள்ளை என்று இருப்பவரைப் பார்த்து "குடுத்து வச்சவரு" என்கிறோம். அவரும் வேண்டாம் என்பதில்லை. என்ஜினில் இதற்கும் ஒரு பாடம் இருக்கிறது. மாடல் என்ஜின் தரையில் மிக அழகாகப் பாடுவது எப்போது தெரியுமா? பெரிய ஊசி ஒரு கடுகு அளவு அதிகம் இறுகியிருக்கும்போது. சுற்று உச்சத்துக்குப் போகும், புகை இருக்காது, சத்தம் கணீரென்று வரும். மேலே போய் மூக்கைத் தூக்கியதும் எண்ணெய் பத்தாமல் சூடேறிச் சோர்ந்துவிடும். அப்படியே விட்டால் பிஸ்டனும் லைனரும் உரசித் தேய்ந்து என்ஜினே போகும். அதனால் பறக்கவிடும் முன் விமானத்தைக் கையில் தூக்கி மூக்கை வானம் பார்க்கப் பிடித்து முழு வேகம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுற்று இறங்கினால் ஊசியைத் திறக்க வேண்டும். திறந்தால் தரையில் சத்தம் கொஞ்சம் மட்டுப்படும், லேசாகப் புகையும் வரும். பசங்களுக்கு அது பிடிக்காது. "சார், நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்பார்கள்.

இந்த உச்சச் சத்தத்தை ஆசிரியரிடம் சொல்லி, நன்றாக ஓடுவதும் நல்லதற்கு அடையாளம் இல்லை என்றேன். அவர் தாளில் குறித்துக்கொண்டார். மார்கழியில் கோயில் மண்டபத்தில் குறள் வகுப்பு எடுக்கப் போகிறார், 37க்கு இரண்டு உரையையும் சொல்வாராம். முடிவில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பரிமேலழகர் பக்கம்தான். ஆனா ரைஸ்மில்காரர் முன்வரிசையில உக்காருவாரு, என்ஜின் கதையையும் சொல்லிடறேன்" என்றார். போய்க் கேட்கலாம் என்றிருக்கிறேன்.